வேகம் 52, ஆயுள் எத்தனை?

சிடி ரைட்டர் வாங்கிய காலத்தில் எல்லோரும் பார்த்தது பெட்டியின் மேல் அச்சிட்டிருந்த மூன்று எண்களைத்தான்: 52, 32, 52. முதலாவது, வெற்று சிடியில் எழுதும் வேகம். இரண்டாவது, அழித்து எழுதும் சிடியில் எழுதும் வேகம். மூன்றாவது, வாசிக்கும் வேகம். சென்னை ரிச்சி தெருவில் கடைக்காரர் விலை சொன்னதும் இந்த எண்களை வைத்துத்தான். வாங்க வந்தவர் பேரம் பேசியதும் அவற்றை வைத்துத்தான். 40-ஐவிட 48 உசத்தி, 48-ஐவிட 52 உசத்தி. அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

20 ஆண்டு கழித்து அந்த சிடிகளை எடுத்துப் போட்டுப் பார்ப்பவர்கள் இப்போது கேட்கிறார்கள். ஒரே கம்பெனி சிடி, ஏறக்குறைய ஒரே சமயத்தில் எழுதியது, ஒரே பீரோவில் கிடந்தது. ஒன்று தடையில்லாமல் ஓடுகிறது. இன்னொன்று முகூர்த்தம் வரை வந்து, தாலி கட்டுவதற்குள் திணறி நின்றுவிடுகிறது. சிடி மோசம் என்று சொல்லி எல்லோரும் அதோடு விட்டுவிடுகிறார்கள். எழுதிய ரைட்டரை யாரும் சந்தேகப்படுவதில்லை.

சந்தேகப்பட வேண்டும். நல்ல ரைட்டருக்கும் மோசமான ரைட்டருக்கும் இடையே இருந்த வித்தியாசம் பெரியது. அளந்து காட்டக் கூடியது. ஆனால், பெட்டியின் மேல் இருந்த எண்கள் எதிலும் அது எழுதப்படவில்லை.

எழுதும்போது உள்ளே என்ன நடக்கிறது?

கடையில் விற்ற பாட்டு சிடியும் வீட்டில் எழுதிய சிடியும் ஒரே சாதி போலத் தெரியும்; உண்மையில் இரண்டும் வேறு. பாட்டு சிடியைத் தொழிற்சாலையில் அச்சில் வார்க்கிறார்கள். அதன் குழிகள் பிளாஸ்டிக்கிலேயே பதிந்தவை. வீட்டில் எழுதும் சிடியில் குழி கிடையாது. பிளாஸ்டிக்குக்கும் வெள்ளி நிறப் பூச்சுக்கும் நடுவே மெல்லிய சாயப் படலம் ஒன்று இருக்கிறது. ரைட்டரின் லேசர் அந்தச் சாயத்தைப் புள்ளி புள்ளியாகச் சூடாக்கி, ஒளி சரியாகத் திரும்பாதபடி மாற்றிவிடுகிறது. வாசிக்கும் கருவிக்கு அந்தக் கரும்புள்ளி குழி போலவே தெரியும். ஜப்பானின் தாய்யோ யூடன் நிறுவனம் 1988-ல் இந்த முறையை அறிமுகப்படுத்தியது. சாதாரண பிளேயரிலும் ஓடக்கூடிய சிடியை ஒருவர் தன் மேசையிலேயே எழுதிக்கொள்ள முடியும் என்ற நிலை அப்போதுதான் வந்தது.

எழுதும் தடம் உள்ளிருந்து வெளியே சுருளாகச் செல்கிறது. ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி 1.6 மைக்ரான். நீட்டி வைத்தால் சுருளின் நீளம் 5 கிலோமீட்டரைத் தாண்டும். அந்தத் தடத்தில் விழும் புள்ளிகள் ஒன்பது வெவ்வேறு நீளங்களில் இருக்கலாம். மிகச் சிறியதன் நீளம் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. புள்ளி எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதில்தான் தகவல் இருக்கிறது. ஓரம் கொஞ்சம் நகர்ந்தால் மூன்று அளவு நீளமுள்ள புள்ளி நான்கு அளவாகத் தோன்றும். பிழை அங்கே பிறக்கிறது.

சாதாரண வேகத்தில், அதாவது 74 நிமிடப் பாட்டை 74 நிமிடத்தில் எழுதும்போது, மிகச் சிறிய புள்ளி ஒன்றைப் போட லேசருக்குக் கிடைக்கும் நேரம் சுமார் 700 நானோ நொடி. 52 மடங்கு வேகத்தில் அது 13 நானோ நொடியாகச் சுருங்குகிறது. அதற்குள் லேசர் எரிந்து, சாயத்தைச் சரியான அளவு சுட்டு, சரியான இடத்தில் அணைய வேண்டும். தட்டு நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுழன்றுகொண்டிருக்கும்போது இது நடக்க வேண்டும். லென்ஸைத் தாங்கும் பாகம், மோட்டார், லேசரை இயக்கும் சிப், டிரைவுக்குள்ளேயே இருந்து எல்லாவற்றையும் ஆளும் மென்பொருளான ஃபர்ம்வேர் ஆகிய நான்கும் ஒழுங்காக இருந்தால்தான் கைகூடும். ரைட்டரின் தரம் என்று நாம் சொல்வது இந்த நான்கின் தரத்தைத்தான்.

'ஓடுகிறதே' என்பது அத்தாட்சி ஆகாது

எழுதி முடித்ததும் போட்டுப் பார்ப்போம். ஓடும். நன்றாக எழுதியிருக்கிறது என்று முடிவுகட்டுவோம். இங்கேதான் ஏமாறுகிறோம்.

பிலிப்ஸும் சோனியும் சிடியை வடிவமைத்தபோதே, தூசியும் கீறலும் இருக்கும் என்று எதிர்பார்த்துப் பிழை திருத்தும் ஏற்பாட்டை உள்ளேயே வைத்துவிட்டார்கள். தகவல் சிறு சட்டங்களாகப் பிரிந்து, விநாடிக்கு 7,350 சட்டங்கள் வீதம் வருகிறது. ஒவ்வொன்றும் இரண்டு கட்டத் திருத்தத்தைத் தாண்டியே வெளியே வரும். முதல் கட்டத்தில் பிடிபடும் பிழைகளுக்கு சி1 என்று பெயர். அதில் தீராமல் இரண்டாம் கட்டத்துக்குப் போகிறவை சி2. பாட்டு சிடியில் சி2-விலும் தீராதது காதில் 'டிக்' என்று கேட்கும், அல்லது ஊகித்து நிரப்பப்படும். கம்ப்யூட்டர் கோப்புகள் எழுதிய சிடியில் மூன்றாவதாக இன்னொரு காப்பும் உண்டு. 2,048 பைட் தகவலுக்கு 276 பைட் திருத்தத் தகவலைச் சேர்த்தே எழுதுகிறார்கள்.

இவ்வளவு காப்பு இருப்பதால்தான், மோசமாக எழுதிய சிடியும் முதல் நாள் ஓடுகிறது. விநாடிக்கு 2 சி1 பிழை உள்ள சிடியும், 200 உள்ள சிடியும் பார்ப்பவருக்கு ஒரே மாதிரிதான் தெரியும். பத்து விநாடிச் சராசரியில் 220 என்பதுதான் சிடிக்கான விதிமுறை அனுமதிக்கும் உச்சவரம்பு. முதலாவது சிடிக்கு இன்னும் எவ்வளவோ சேமிப்பு இருக்கிறது. இரண்டாவது பிறந்த அன்றே கைச்சேமிப்பைக் கரைத்துவிட்டது. சாயம் கொஞ்சம் வெளுத்தால், ஒரு கீறல் விழுந்தால், முதலாவது தாங்கும். இரண்டாவது போய்ச் சேரும்.

ஆகவே, இரண்டு ரைட்டர்களை ஒப்பிட வேண்டுமென்றால் ஒரே ரக சிடியில், ஒரே வேகத்தில் இரண்டிலும் எழுத வேண்டும். பிறகு இரண்டையும் ஒரே டிரைவில் வாசித்து, சி1, சி2 எண்ணிக்கைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். அளக்கும் டிரைவ் மாறினால் எண்ணும் மாறும். அப்படி வந்த எண்களை ஒப்பிடுவதில் பொருளில்லை. சி2 அறவே இருக்கக் கூடாது. சி1 சராசரி ஒற்றை இலக்கத்தில் இருந்தால் நல்ல எழுத்து. வட்டின் வெளி ஓரத்துக்குப் போகப் போக எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால், அந்த ரைட்டரால் அந்த வேகத்தைத் தாங்க முடியவில்லை என்று அர்த்தம்.

பஃபர் வற்றிய காலம்

தரத்தைப் பற்றிய இந்தப் பேச்செல்லாம் பிறகு வந்தது. 1990-களில் மக்களின் கவலை, எழுதி முடிக்குமா என்பதுதான். 1995-ல் எச்பி வெளியிட்ட 4020ஐ என்ற ரைட்டர் ஆயிரம் டாலருக்குச் சற்றுக் குறைவான விலைக்கு வந்தது. அதுவே அன்று பெரிய செய்தி. எழுதும் வேகம் இரண்டு மடங்கு.

சிடியில் எழுதுவது நிறுத்தாமல் செய்ய வேண்டிய வேலை. கம்ப்யூட்டரிலிருந்து தகவல் வர ஒரு கணம் தாமதமானாலும் லேசருக்கு எழுத ஒன்றும் இருக்காது. டிரைவுக்குள் இருந்த பஃபர் நினைவகமோ ஓரிரு மெகாபைட்தான். அது வற்றியதும் எழுத்து நின்றுவிடும். நின்ற இடத்திலிருந்து தொடர வழியில்லை. அந்த சிடி குப்பைக்குத்தான். அதனால்தான் 'சிடி ரைட் ஆகிறது, மவுஸைத் தொடாதே' என்ற கட்டளை அன்று வீடுகளிலும் பிரவுசிங் சென்டர்களிலும் ஒலித்தது. ஸ்கிரீன் சேவரை அணைத்துவிட்டு எழுத உட்கார்ந்தவர்கள் ஏராளம்.

இந்தத் தலைவலியைத் தீர்த்தது ஜப்பானின் சான்யோ. எழுத்து எந்த இடத்தில் நின்றது என்று நினைவில் வைத்து, பஃபர் நிறைந்ததும் அதே புள்ளியிலிருந்து தொடரும் 'பர்ன்-புரூஃப்' உத்தியை 2000-ல் அது கொண்டுவந்தது. பிளெக்ஸ்டர் நிறுவனத்தின் 12 மடங்கு வேக ரைட்டர் அதைத் தாங்கி வந்த முதல் டிரைவ்களுள் ஒன்று. ரிக்கோ தன் பங்குக்கு 'ஜஸ்ட் லிங்க்' என்ற உத்தியைக் கொண்டுவந்தது. யமஹா முதலில் பஃபரையே 8 மெகாபைட்டாகப் பெருக்கிப் பார்த்தது. ஓரிரு ஆண்டுகளில், பெயர்தான் வேறே தவிர, எல்லா ரைட்டரிலும் இந்தக் காப்பு வந்துவிட்டது.

வீணாகும் சிடிகள் குறைந்தன. கூடவே ஒரு மயக்கமும் வந்தது. எழுதி முடித்தாலே நன்றாக எழுதியதாக நம்பத் தொடங்கினோம். கம்பெனிகளும் தரத்தை விட்டுவிட்டு வேகப் போட்டியில் இறங்கின. 2000-ல் 12 மடங்காக இருந்த வேகம் மூன்றே ஆண்டுகளில் 52-ஐத் தொட்டது.

களத்தில் இருந்தவர்கள்

பிளெக்ஸ்டர்: ஜப்பானின் ஷினானோ கென்ஷி நிறுவனத்தின் பிராண்ட். விலை எப்போதும் மற்றவற்றைவிடக் கூடுதல். அதற்கேற்ற சரக்கும் உள்ளே இருந்தது. போட்ட சிடியின் தன்மையைப் பார்த்து வேகத்தையும் லேசரின் திறனையும் தானே கட்டுப்படுத்தும் ஏற்பாட்டை அது தன் டிரைவ்களில் வைத்தது. இந்த சிடி 52-க்குத் தாங்காது என்று தெரிந்தால், வாங்கியவர் கேட்டாலும் வேகத்தைக் குறைத்துவிடும். 2003-ல் வந்த 'பிரீமியம்' மாடல்தான் அதன் உச்சம். தான் எழுதிய சிடியின் சி1, சி2 எண்ணிக்கையைத் தானே அளந்து வரைபடமாகக் காட்டியது. பாட்டு சிடி எழுதும்போது லேசரின் திறனைக் கையால் கூட்டிக் குறைக்கவும் வழி செய்தது. 700 மெகாபைட் சிடியில் புள்ளிகளை நெருக்கி எழுதி, கொள்ளளவை 1.4 மடங்கு வரை கூட்டும் வித்தையும் அதில் இருந்தது. அப்படி நெருக்கி எழுதியது எல்லா டிரைவிலும் ஓடாது என்பதால், காப்பகத்துக்கு அது உதவாது. ஆனால், புள்ளிகளின் நீளத்தை நினைத்தபடி மாற்றும் அளவுக்கு அந்த டிரைவுக்குத் தன் லேசரின் மேல் பிடி இருந்தது என்பதற்கு அது சாட்சி.

யமஹா: பியானோ செய்பவர்களின் காது என்று சொல்லலாம். பாட்டு சிடி எழுதுபவர்களை மனத்தில் வைத்தே அதன் டிரைவ்கள் வந்தன. பிளெக்ஸ்டரின் நெருக்கும் வித்தைக்கு நேர் எதிரானது இவர்களுடையது. புள்ளிகளைச் சற்று நீட்டி எழுதி, ஓரங்களைத் தெளிவாக்கினார்கள். சிடியில் அடங்கும் நிமிடங்கள் குறையும். வாசிக்கும்போது தடுமாற்றமும் குறையும். 2002-ல் வந்த சிஆர்டபிள்யூ-எஃப்1 மாடல், எழுதிய பிறகு மிஞ்சும் இடத்தில் லேசராலேயே படமும் எழுத்தும் வரைந்தது. அடுத்த ஆண்டே யமஹா இந்தத் தொழிலை விட்டு விலகியது. விலை சரிந்த சந்தையில் இப்படிப்பட்ட டிரைவைச் செய்து கட்டுப்படியாகவில்லை.

லைட்-ஆன்: தைவான் நிறுவனம். விலையைப் பார்த்து மட்டமானது என்று நினைத்தவர்களை மண்ணைக் கவ்வ வைத்த பெயர். 40, 48, 52 மடங்கு வேகங்களில் வந்த அதன் எல்டிஆர் வரிசை டிரைவ்கள், பிளெக்ஸ்டர் விலையில் ஒரு பகுதிக்குக் கிடைத்தன. நல்ல சிடியில் அவை எழுதிய எழுத்து, பிளெக்ஸ்டருக்கு அருகில் நின்றது. பிழைகளை அளக்கும் வசதி இவற்றிலும் திறந்தே இருந்தது. கேபுரோப் என்ற இலவச மென்பொருளைப் போட்டுக்கொண்டால் யார் வேண்டுமானாலும் வீட்டிலேயே சி1, சி2 எண்ணலாம். ரைட்டர்களின் தரத்தைப் பற்றிக் கம்பெனி சொல்வதை நம்பாமல் வாங்கியவர்களே அளந்து பேச முடிந்ததற்கு லைட்-ஆன் முக்கியக் காரணம்.

எல்ஜி, சாம்சங்: நம் ஊரில் மிக அதிகமாக விற்ற பெயர்களில் இவையும் அடங்கும். எளிதில் கிடைத்தன, கெட்டுப்போனால் மாற்றித் தரச் சேவை மையமும் இருந்தது. எழுத்தின் தரம் மாடலுக்கு மாடல் மாறியது. பழகிய சிடியில் குறை சொல்ல முடியாது. பெயர் தெரியாத சிடியைப் போட்டால் ஊசலாட்டம்தான். எழுதியதைத் தானே அளந்து சொல்லும் வசதி பெரும்பாலானவற்றில் இல்லாததால், வாங்கியவருக்கு நல்லதும் தெரியவில்லை, கெட்டதும் தெரியவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முகப்பில் இருந்த பெயரை நம்ப முடியாத தொழில் இது. சோனி பெயரில் வந்த சில டிரைவ்களைச் செய்தது லைட்-ஆன். எச்பியும் வேறு பல கம்பெனிகளும் பிறரிடம் வாங்கித் தங்கள் பெயரை ஒட்டி விற்றன. பிற்காலத்தில் பிளெக்ஸ்டர் என்ற பெயரிலேயே பிறர் செய்த டிரைவ்கள் வந்தன. பழைய பிளெக்ஸ்டரின் புகழை நம்பி அவற்றை வாங்கியவர்களுக்குக் கிடைத்தது பெயர் மட்டும்தான்.

ரைட்டர் பாதி, சிடி பாதி

எந்த ரைட்டரும் தனியாக நல்லதோ கெட்டதோ ஆவதில்லை. வெற்று சிடியின் தடத்திலேயே அதைச் செய்தவர் யார் என்பதற்கான குறியீடு நிமிடம், விநாடி, சட்டம் என்ற வடிவில் பதிந்திருக்கும். தாய்யோ யூடன் சிடியில் 97 நிமிடம், 24 விநாடி என்று தொடங்கும். ரைட்டரின் ஃபர்ம்வேர் அந்தக் குறியீட்டைப் பார்த்து, தன் பட்டியலில் தேடுகிறது. இந்த சிடிக்கு லேசரை எப்படித் துடிக்க வைக்க வேண்டும் என்ற குறிப்பு அங்கே இருந்தால் அதன்படி எழுதும். இல்லாவிட்டால் பொதுவான ஒரு முறையில் எழுதி, கடவுள் விட்ட வழி என்று விட்டுவிடும். புதிய ஃபர்ம்வேர் போட்டதும் அதே டிரைவ் அதே சிடியில் நன்றாக எழுதியதற்குக் காரணம் இந்தப் பட்டியல்தான்.

எழுதத் தொடங்கும் முன் ஒரு சோதனையும் நடக்கிறது. சிடியின் உள் விளிம்பில் இதற்கென்று ஒதுக்கிய சிறு பகுதியில், வெவ்வேறு திறனில் லேசரைச் செலுத்தி, எது பொருந்துகிறது என்று டிரைவ் பார்த்துக்கொள்கிறது. சிக்கனக் கம்பெனிகள் கோட்டை விட்டது இந்த இடத்தில்தான். உள் விளிம்பில் சரியாக இருந்த திறன் வெளி விளிம்பில் சரியாக இருக்க வேண்டும் என்பதில்லை. சாயப் பூச்சின் கனமும் மாறும், தட்டின் வேகமும் மாறும், டிரைவும் சூடேறும். நல்ல ரைட்டர் எழுதிக்கொண்டிருக்கும்போதே பிரதிபலிப்பைக் கவனித்துத் திறனைத் திருத்தும்.

சாயத்திலும் வகை உண்டு. தாய்யோ யூடன் பயன்படுத்திய சயனைன், மிட்சுயி வளர்த்தெடுத்த தாலோசயனைன், மிட்சுபிஷி கெமிக்கல் தன் வெர்பாட்டிம் சிடிகளில் பயன்படுத்திய ஆழ்ந்த நீல ஆசோ. வெளிச்சம் பட்டால் சயனைன் சீக்கிரம் வாடும். தாலோசயனைன் தாக்குப் பிடிக்கும். ஆனால், சயனைன் லேசரின் திறனில் சிறு ஏற்ற இறக்கத்தைப் பொறுத்துக்கொள்ளும். தாலோசயனைனுக்கு அந்தத் தாராளம் கிடையாது. சுமாரான ரைட்டர் வைத்திருந்தவர்களுக்கு தாய்யோ யூடன் சிடி ராசியாக அமைந்ததன் ரகசியம் இது.

இந்தியாவில் இந்தக் கதையின் பெரிய பெயர் மோசர் பேர். டெல்லியை அடுத்த நொய்டாவில் தொழிற்சாலை வைத்து, 2000-களில் உலகின் முன்னணி ஒளித்தட்டுத் தயாரிப்பாளர்களுள் ஒன்றாக வளர்ந்த நிறுவனம் அது. தன் பெயரில் விற்றதோடு, பல வெளிநாட்டு பிராண்ட்களுக்கும் செய்து கொடுத்தது. 28 ரூபாய்க்குப் பட சிடி விற்றுத் தமிழ் வீடுகளுக்குள்ளும் நுழைந்தது. 2018-ல் அந்த நிறுவனத்தைக் கலைக்க உத்தரவாயிற்று. தாய்யோ யூடன் 2015 முடிவில் சிடித் தொழிலை மூடியது. வெர்பாட்டிம் தைவானின் சிஎம்சி கைக்குப் போனது.

52 என்ற எண்ணின் உண்மை

அன்று கடையில் யாரும் சொல்லாத சங்கதி இது. 52 மடங்கு ரைட்டர், சிடி முழுவதையும் 52 மடங்கில் எழுதாது. தட்டு ஒரே சீராகச் சுழலும்போது உள் விளிம்பில் வேகம் ஏறத்தாழ 22 மடங்குதான். வெளி விளிம்பை எட்டும் கடைசித் தருணத்தில்தான் 52. முழு சிடியை எழுத 52 மடங்கு டிரைவுக்குச் சுமார் இரண்டரை நிமிடம். 40 மடங்குக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. 24 மடங்குக்கு நான்கு நிமிடம். ஒன்றரை நிமிடத்தை மிச்சம் பிடிக்க நாம் கொடுத்த விலை, வெளி விளிம்பில் எகிறிய பிழைகள். படம் ஓடும் சிடியில் வெளி விளிம்பு என்பது கடைசிப் பகுதி. கல்யாண சிடிகள் இறுதியில் திணறுவது ஏன் என்று இப்போது புரியும்.

அதற்காக ஆகக் குறைந்த வேகத்தில் எழுதினால்தான் நல்லது என்பதும் பழைய நம்பிக்கை. இரண்டு, நான்கு மடங்கு வேகம் என்பது 1990-களின் சிடிகளுக்குப் பொருந்தும். 48, 52 மடங்குக்கென்று வந்த சிடிகளின் சாயம், குறுகிய நேரத்தில் அதிகத் திறனில் சுடுவதற்காகவே அமைந்தது. அதை நான்கு மடங்கில் மெல்லச் சுட்டால் பிழை சில சமயம் கூடுகிறது. 16 முதல் 24 மடங்கு வரை என்பது பெரும்பாலான ரைட்டர்களுக்கும் சிடிகளுக்கும் பொருந்தும் நடுவழி.

எது முதலில் கெடும்?

எழுத்தின் தரம் ஒன்று, டிரைவின் ஆயுள் இன்னொன்று. ஆயிரக்கணக்கான மணி நேரம் உழைக்கும் என்று கம்பெனிகள் சொன்ன கணக்கு, நாளின் சிறு பகுதி மட்டுமே வேலை செய்யும் டிரைவுக்கானது. ஸ்டுடியோவிலோ பிரவுசிங் சென்டரிலோ காலை முதல் இரவு வரை எழுதிய டிரைவுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

முதல் எதிரி தூசி. கம்ப்யூட்டரின் மின்விசிறி காற்றை வெளியே தள்ளும்போது, டிரைவின் கதவிடுக்கு வழியாகத் தூசி உள்ளே இழுபடும். லென்ஸில் மெல்லிய படலம் விழுந்தாலே எழுதும் திறன் குறையும். வாசிப்பு கெடும் முன்பே எழுத்து கெடும். எழுதுவதற்குத்தான் பல மடங்கு கூடுதல் ஒளி தேவை. அடுத்தது தட்டை வெளியே தள்ளும் ரப்பர் பெல்ட். வெப்பத்தில் அது நெகிழ்ந்ததும் கதவு பாதியில் நிற்கும். டிரைவ் செத்துவிட்டது என்று தூக்கிப் போட்டவற்றில் பல, பெல்ட் மாற்றினால் பிழைத்திருக்கும். மூன்றாவது லேசர் டயோடு. அதிக வேகத்தில், சூடான பெட்டிக்குள், ஓய்வில்லாமல் எழுதினால் அதன் திறன் மங்கும். அதற்கு மாற்று கிடையாது.

டிரைவின் மேல் பழி விழுந்து, காரணம் வேறிடத்தில் இருந்ததும் உண்டு. விண்டோஸ் எக்ஸ்பி, கேபிளில் தொடர்ந்து பிழை கண்டால் டிரைவை மெதுவான பழைய முறைக்குத் தானாகவே இறக்கிவிடும். ரைட்டர் இழுத்துக்கொண்டு எழுதும். டிரைவ் போச்சு என்று பலர் புதிது வாங்கினார்கள். மாற்ற வேண்டியிருந்தது கேபிளை.

ஃபர்ம்வேர் எவ்வளவு தூரம் படுத்தும் என்பதற்கு 2003 அக்டோபரில் நடந்த ஒன்று போதும். மாண்ட்ரேக் லினக்ஸ் 9.2-ஐ நிறுவியவர்கள் சிலரின் எல்ஜி சிடி-ரோம் டிரைவ்கள் ஒரேயடியாகப் படுத்துவிட்டன. அவை எழுதும் டிரைவ்கள் அல்ல, வாசிக்க மட்டும். தற்காலிக நினைவகத்தைக் காலிசெய் என்ற வழக்கமான கட்டளையை அந்த டிரைவ்கள், ஃபர்ம்வேரை மாற்று என்று எடுத்துக்கொண்டன. பாகமெல்லாம் நன்றாக இருந்தும் டிரைவ் செயலற்றுப் போனது.

இப்போது வாங்குகிறவர்களுக்கு

பழைய சிடிகளை மீட்கவோ, பாட்டு சிடி எழுதவோ இன்றும் டிரைவ் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சில யோசனைகள்.

• யுஎஸ்பியில் செருகும் மெல்லிய டிரைவ் வாசிக்கப் போதும். எழுதுவதற்கு, மேசைக் கம்ப்யூட்டரில் பொருத்தும் பெரிய டிரைவ்தான் நம்பகமானது. அதன் மோட்டாரும் லென்ஸ் தாங்கியும் உறுதியானவை.

• மெல்லிய டிரைவ் எழுதும்போது திணறினால் முதலில் மின்சாரத்தைச் சந்தேகியுங்கள். பழைய யுஎஸ்பி முனை தரும் மின்னோட்டம் எழுதும் லேசருக்கும் மோட்டாருக்கும் சேர்த்துப் போதாமல் போகும். கம்ப்யூட்டரின் பின்பக்க முனையில் நேரடியாகச் செருகுங்கள்.

• பழைய பிளெக்ஸ்டர் பிரீமியம், லைட்-ஆன் எல்டிஆர் கிடைத்தால் பெயரைப் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள். ஒரு சிடி எழுதிக் காட்டச் சொல்லி, பிழை எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். ஓய்ந்துபோன நல்ல டிரைவைவிட ஓடுகிற சுமாரான டிரைவ் மேல்.

• ஒரு டிரைவில் வாசிக்காத சிடியைத் தூக்கிப் போடாதீர்கள். வேறு கம்பெனி டிரைவில், குறைந்த வேகத்தில் முயலுங்கள். பிழை திருத்தும் திறமை டிரைவுக்கு டிரைவ் மாறும். எழுதிய அதே டிரைவ் இன்னும் இருந்தால் அதிலும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

• சிடியின் மேற்பக்கத்தைக் கீறாமல் பாருங்கள். தகவல் அந்தப் பக்கத்துப் பூச்சுக்கு அடியில்தான் இருக்கிறது. அடிப்பக்கத்தில் விழுந்த கீறலைத் துடைத்துத் தேய்த்துச் சரிசெய்யலாம். மேற்பக்கக் கீறலுக்கு மருந்தில்லை. காகித லேபிள் ஒட்டாதீர்கள். பால்பாயின்ட் பேனாவால் எழுதாதீர்கள்.

தீர்ப்பு

எழுத்தின் தரத்தை மட்டும் பார்த்தால் பிளெக்ஸ்டர் பிரீமியத்துக்கு முதலிடம். பாட்டு சிடிக்கு யமஹா எஃப்1 அதோடு தோளோடு தோள் நிற்கும். கொடுத்த காசுக்குக் கிடைத்த தரம் என்று பார்த்தால் லைட்-ஆன் இரண்டையும் முந்தும். நடுத்தரக் குடும்பம் வாங்கியிருக்க வேண்டிய டிரைவ் அதுதான். எல்ஜி, சாம்சங் டிரைவ்களை நல்ல சிடியோடு, 24 மடங்குக்குள் பயன்படுத்தியவர்கள் தப்பித்தார்கள். மட்டமான சிடியைப் போட்டு 52-ல் ஓட்டியவர்களை எந்த டிரைவும் காப்பாற்றவில்லை.

உங்கள் வீட்டு சிடிகளை எந்த ரைட்டர் எழுதியது, எந்த வேகத்தில் எழுதியது என்பது இப்போது யாருக்கும் நினைவிருக்காது. அதனால், நன்றாகத்தான் எழுதியிருக்கும் என்று நம்பிக் காத்திருக்காதீர்கள். ஓடுகிறவற்றை இந்த வாரமே கம்ப்யூட்டருக்கு மாற்றி, இரண்டு வேறு இடங்களில் நகல் வைத்துவிடுங்கள். கல்யாணம், காதுகுத்து, தாத்தாவின் குரல் என்று வேறெங்கும் கிடைக்காதவற்றை முதலில் எடுங்கள். சினிமாப் பாட்டு சிடிகள் காத்திருக்கட்டும்.